விவாதம்: அடி வாங்கியே ஜெயித்தாரா மார்ட்டின் லூதர் கிங்?

வைகைக்கரையான்

அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்குப் போராடிய கிங்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘எனக்கொரு கனவு உண்டு’ என்பதோடு முடித்துவிடுகிறோம். மிஞ்சிப்போனால் காந்தியைப் பின்பற்றியவர் என்று கூடுதலாக ஒரு வரி. அதனாலேயே நிறையப் பேர் மனதில் அவர், அடித்தால் வாங்கிக்கொண்டு நிற்கிற சாதுப் பாதிரியாராகத் தங்கிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1955 டிசம்பரிலிருந்து 1968 ஏப்ரல் வரை அவர் செய்தது, எதிராளியின் கல்லாப்பெட்டியில் கை வைக்கிற வேலை.

மாண்ட்கோமரியையே எடுத்துக்கொள்வோம். அலபாமாவின் தலைநகர். பேருந்தில் முன்னிருக்கைகள் வெள்ளையருக்கு. கறுப்பர் முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். அதற்குள் வண்டியை எடுத்துவிடுகிற ஓட்டுநர்களும் உண்டு. 1943இல் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைப் பின்வாசலுக்குப் போகச் சொல்லி இறக்கிவிட்ட அதே ஓட்டுநர்தான், 1955 டிசம்பர் 1 அன்று வெள்ளையருக்கு இடம்விட எழுந்திருக்க மறுத்த அவரைப் போலீஸில் பிடித்துக்கொடுத்தவர். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். அவர்கள் ஏறாவிட்டால் கம்பெனி படுத்துவிடும். 381 நாள் ஏறவில்லை. தலைமை தாங்கிய கிங்குக்கு அப்போது 26 வயது, ஊருக்கு வந்து ஒரு வருஷம் சொச்சம்தான்.

எல்லோரும் நடந்தே வேலைக்குப் போனார்கள் என்று படித்திருப்போம். நடந்தவர்கள் நிறைய. ஆனால் போராட்டத்தைத் தூக்கி நிறுத்தியது கார்கள். முதலில் கறுப்பர்களின் டாக்சிகள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றின. நகராட்சி உடனே ‘குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட்’ என்ற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது. இரண்டு வருஷம் முன்பு பேட்டன் ரூஜ் ஊரில் இதே மாதிரி போராடிய ஜெமிசன் என்ற பாதிரியாரிடம் கிங் யோசனை கேட்டார். அப்புறம் சுமார் 300 கார்கள், எங்கே ஏறுவது எங்கே இறங்குவது என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள், நகர மையத்தில் வண்டி மாற ஒரு திடல். தேவாலயங்களின் பெயரில் பெரிய வேன்களும் வாங்கினார்கள். எதிர்த்தரப்பு அந்த வண்டிகளின் இன்சூரன்ஸை ரத்து செய்ய வைத்தது. இவர்கள் லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் போய் எடுத்தார்கள். 25 மைல் வேகத்தில் போக வேண்டிய தெருவில் 30 மைலில் போனார் என்று கிங்கையே பிடித்து உள்ளே வைத்தார்கள்.

இது சாதுவின் வேலையா? ஒரு போக்குவரத்துக் கழகமே நடத்தியிருக்கிறார்கள்.

கானல்வரிக்காரன்

//381 நாள் ஏறவில்லை//

ஏறாததால் ஜெயித்தார்கள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜெயித்தது வழக்கு. ஃப்ரெட் கிரே என்ற இளம் வக்கீல் 1956 பிப்ரவரி 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட்டது. வாதி ரோசா பார்க்ஸ்கூட இல்லை. ஒரேலியா பிரௌடர், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித், சூசி மெக்டொனால்ட் என்று நான்கு பெண்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம். பேருந்துக் கம்பெனி நஷ்டத்தில் துடித்தது உண்மைதான், ஆனால் நகராட்சி அசையவே இல்லையே! புறக்கணிப்பு நடக்காமலே இருந்திருந்தாலும் தீர்ப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும். கிங்குக்குக் கொடுக்கிற மாலையில் பாதியை வக்கீலுக்குப் போடுங்கள்.

மணிமொழி

மாலையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள், அப்படியே பெண்களுக்கும் கொஞ்சம்.

கிளாடெட் கால்வின் என்று கானல்வரி சார் ஒரு பெயரைப் போகிற போக்கில் சொன்னார். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச்சில், எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிக் கைதானவர். 15 வயதுப் பள்ளி மாணவி. தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினார்கள். சின்னப் பெண், படபடவென்று பேசுகிறவர், பிறகு கர்ப்பம் வேறு. ஆனாலும் கோர்ட்டில் போய்த் துணிந்து சாட்சி சொன்னவர்களில் அந்தப் பெண்ணும் ஒருவர்.

அடுத்து ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி ஆசிரியை. பார்க்ஸ் கைதான அன்று இரவோடு இரவாகக் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கை அடித்து, விடிந்ததும் மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டார். ‘திங்கள்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள்’ என்ற செய்தி ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கிங் அதற்கப்புறம்தான் படத்திலேயே வருகிறார்.

எனக்குப் பிடித்தவர் ஜார்ஜியா கில்மோர். சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. கிங் மீதான வழக்கில் அவருக்காகச் சாட்சி சொன்னதால் வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். பொரித்த கோழி, கேக், பை எல்லாம் செய்து விற்கிற பெண்களைச் சேர்த்து ஒரு குழு. அதற்கு வைத்த பெயர் ‘எங்கிருந்தோ வந்த சங்கம்’. வெள்ளைக்காரர்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்கள் காசு கொடுத்தது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் அல்லவா? பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தோ வந்தது’ என்று சொல்லிவிடலாம். அந்த 300 காருக்கு பெட்ரோல் போட்டதில் இந்தக் கேக்குகளுக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரர்களே வாங்கித் தின்றார்கள் என்பது கூடுதல் சுவை.

வைகைக்கரையான்

மணிமொழி, அருமை. முழுக்க வழிமொழிகிறேன்.

கானல்வரி சாருக்கு: அந்த நவம்பர் 13 அன்று கிங் எங்கே இருந்தார் தெரியுமா? மாண்ட்கோமரி கோர்ட்டில். கார் ஏற்பாட்டுக்குத் தடை கேட்டு நகராட்சி போட்ட வழக்கு விசாரணையில். தடை வரப்போவது உறுதி, இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருக்கிறார். இடைவேளையில் ஒரு நிருபர் கையில் ஒரு துண்டுச் செய்தியைக் கொடுக்கிறார்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. அதே நாளில் அந்தச் சின்னக் கோர்ட் கார் ஏற்பாட்டைத் தடையும் செய்தது! தீர்ப்பின் நகல் டிசம்பர் 20 அன்றுதான் ஊருக்கு வந்தது. அதுவரை காரும் இல்லை, பேருந்தும் இல்லை. ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தார்கள். தீர்ப்பு வந்துவிட்டதே என்று அப்போதும் யாரும் பேருந்தில் ஏறவில்லை.

இன்னொன்று. ஆரம்பத்தில் அவர்கள் கேட்டது தனி இருக்கை முறையை ஒழிக்கச் சொல்லியே அல்ல. கறுப்பர் பின்னாலிருந்து, வெள்ளையர் முன்னாலிருந்து, வந்தவர் வந்த வரிசையில் உட்காரட்டும். உட்கார்ந்தவரை எழுப்ப வேண்டாம். அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க மறுத்து, ஜனவரி 30 அன்று கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கிரே வழக்குப் போட்டார். வெறும் தீர்ப்பு என்ன செய்யும் என்பதற்குப் பள்ளிக்கூடங்கள் சாட்சி. தனிப் பள்ளி செல்லாது என்று 1954லேயே தீர்ப்பாகிவிட்டது. தெற்கில் வருஷக்கணக்கில் எதுவும் மாறவில்லை.

ஒற்றையடி

//கிங் வீட்டில் குண்டு வீசினார்கள்//

அந்த இரவு முக்கியம். கிங் ஒரு கூட்டத்தில் இருக்கிறார். வீட்டில் மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும். ஓடி வந்து பார்த்தால் வாசல் திண்ணை சிதைந்து கிடக்கிறது, வெளியே கோபத்தோடு பெருங்கூட்டம், பலர் கையில் ஆயுதம். அந்தத் திண்ணையில் நின்றுதான் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

ஆனால் அதற்கப்புறம் அவர் செய்த காரியம் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தது! அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். வீட்டிலும் துப்பாக்கி இருந்தது. சில வாரம் கழித்து பேயார்ட் ரஸ்டினும் பத்திரிகையாளர் வில்லியம் வொர்த்தியும் அவர் வீட்டுக்குப் போகிறார்கள். வொர்த்தி நாற்காலியில் உட்காரப் போக, ‘பார்த்து, துப்பாக்கி இருக்கிறது’ என்று ரஸ்டின் தடுக்கிறார். கிங் பிறவி அகிம்சாவாதி இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? புத்தகத்தில் படித்திருந்தார், ரத்தத்தில் ஏறவில்லை. ஏற்றியவர்களில் ரஸ்டினுக்குப் பெரிய பங்கு. காந்திய முறையில் பழுத்தவர். ஒருபாலின ஈர்ப்பாளர், இளமையில் கம்யூனிஸ்ட் என்பதால் கடைசிவரை மேடைக்குப் பின்னாலேயே வைத்தார்கள். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணிக்கு இரண்டரை லட்சம் பேரைக் கொண்டுவந்து சேர்த்த ஏற்பாடு மொத்தமும் அவர் தலையில்தான். ‘வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி’ என்பது அதன் முழுப்பெயர். இப்போது வேலையை எல்லோரும் மறந்துவிட்டோம். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 2 டாலர் ஆக்கு என்பது அன்றைய கோரிக்கைகளில் ஒன்று.

குமரிமுனை

எங்கள் ஊர்ப்பக்கச் சங்கதி ஒன்று. 1959 பிப்ரவரி, மார்ச்சில் கிங்கும் கொரெட்டாவும் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார்கள். சென்னை, காந்திகிராமம், திருவனந்தபுரம் எல்லாம் போனார்கள். கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறியதைப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்க்கிறதுதான், ஆனாலும் ஒரு பெருமை.

திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட குழந்தைகள் படிக்கிற பள்ளியில், ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்’ என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று இருந்தது, அப்புறம் யோசித்தால் ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான், அமெரிக்காவில் ஒவ்வொரு கறுப்பனும் அதுதான் என்று தோன்றியது என்று 1965இல் அட்லாண்டா பிரசங்கத்தில் சொன்னார்.

தாமரைக்குளம்

அதே பயணத்தில் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. கல்லூரி இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு முன்னுரிமை தருவது பற்றி நேரு அவர்களிடம் விளக்கியிருக்கிறார். கூடப் போன பேராசிரியர் ரெடிக், ‘அதுவும் பாகுபாடு ஆகாதா?’ என்று கேட்க, ‘இருக்கலாம், ஆனால் நூற்றாண்டுகளாகச் செய்த அநியாயத்துக்கு நாங்கள் பரிகாரம் தேடுகிற வழி இது’ என்ற பொருளில் நேரு பதில் சொன்னார். கிங் இதை 1964இல் எழுதிவைத்து, அமெரிக்காவும் கறுப்பர்களுக்கு இப்படி ஈடுசெய்ய வேண்டும் என்று வாதாடினார். ‘தோலின் நிறத்தைப் பார்க்காதே என்றாரே கிங், இட ஒதுக்கீடு அவருக்கே பிடிக்காது’ என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அனுப்புகிறவர்களுக்கு இதைத் திருப்பி அனுப்புங்கள்.

அம்பேத்கர், காந்தி, கிங் ஒப்பீடு தனி இழையாகவே போகும். இங்கே தொட்டால் கிங் காணாமல் போய்விடுவார்.

சைக்கிள்கடை

இழையின் தலைப்புக்கு வருகிறேன். அடி வாங்கி ஜெயித்தாரா? நேர்மையாகச் சொன்னால், பாதிக்குப் பாதி ஆமாம். அடி விழாத ஊரில் அவர் தோற்றிருக்கிறார்.

ஜார்ஜியா மாநிலத்தில் அல்பனி. 1961 கடைசி, 1962. அங்கே போலீஸ் தலைவர் லாரி பிரிச்சட் என்று ஒரு கெட்டிக்காரர். கிங்கின் முறையைப் படித்து வைத்திருந்தார். காமிரா முன்னால் ஒருவரையும் அடிக்காதே என்று தன் ஆட்களுக்கு உத்தரவு. சிறையை நிரப்புவதுதான் போராட்டக்காரர்களின் திட்டம் என்று தெரிந்ததும் சுற்றுவட்டார மாவட்டச் சிறைகளிலெல்லாம் முன்கூட்டியே இடம் பேசிவைத்தார். ஆட்கள் தீர்ந்தார்கள், சிறை நிரம்பவில்லை. கிங்கும் அவருடைய நெருங்கிய தோழரான பாதிரியார் அபர்நாதியும் 178 டாலர் அபராதம் கட்ட மாட்டோம், 45 நாள் சிறையே இருக்கிறோம் என்று உள்ளே போனால், யாரோ ஒரு ஆள் வந்து அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்! இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். எத்தனையோ இடத்திலிருந்து என்னைத் துரத்தியிருக்கிறார்கள், சிறையிலிருந்து துரத்தியது இதுதான் முதல் தடவை என்று அபர்நாதி சொன்னது அப்போதுதான்.

அடுத்த வருஷம் அலபாமாவின் பர்மிங்ஹாமைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. அங்கே போலீஸ் ‘புல்’ கானர் என்ற அதிகாரி கையில். கை நீளாமல் இருக்காது. காலம் ஈஸ்டர், கடைகளுக்கு நல்ல வியாபார நாட்கள். வயட் வாக்கர் என்பவர் தேவாலயத்திலிருந்து கடைவீதிக்கு நடக்க எத்தனை நிமிஷம் ஆகும், வயதானவருக்கு எவ்வளவு, இளைஞருக்கு எவ்வளவு என்றெல்லாம் கணக்கெடுத்து வைத்திருந்தார். ஏப்ரல் 12, புனித வெள்ளி அன்று கிங் கைதானார். எட்டு வெள்ளை மதகுருமார்கள் ‘அவசரப்படுகிறீர்கள்’ என்று பத்திரிகையில் அறிக்கை விட, அந்தப் பத்திரிகையின் ஓரத்திலேயே பதில் எழுத ஆரம்பித்தார். ‘பர்மிங்ஹாம் சிறைக் கடிதம்’ அதுதான். வெறிபிடித்த வெள்ளையனைவிட, ‘உன் நோக்கம் சரி, வழிதான் சரியில்லை, பொறுத்திரு’ என்கிற மிதவாத வெள்ளையன்தான் பெரிய தடை என்று அதில் எழுதுகிறார். சாது எழுதுகிற கடிதம் இல்லை அது.

ஆக, அடியை வரவழைத்து, உலகத்தைப் பார்க்க வைப்பது அவர் முறையின் ஒரு பாகம். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும்.

கானல்வரிக்காரன்

கசக்கத்தான் செய்கிறது. அடியை யார் வாங்கினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 1963 மே 2, 3. பள்ளிப் பிள்ளைகள். தீயணைப்புக் குழாயைத் திறந்து பீய்ச்சி அடித்தது அவர்கள் மேல், நாயை விட்டது அவர்கள் மேல். ஆம்பிளைகள் பிள்ளைகளை முன்னால் நிறுத்த மாட்டார்கள் என்று, கிங்கின் அகிம்சையை ஏற்காத கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அப்போதே சொன்னார். கேள்வி நியாயம்தானே?

சைக்கிள்கடை

நியாயமான கேள்வி. கிங்கே தயங்கினார். யோசனை ஜேம்ஸ் பெவெல் என்ற இளைஞருடையது. அவர் கணக்கு இதுதான்: பெரியவர் கைதானால் வேலை போகும், வீட்டுக் கடன் நிற்கும். பிள்ளைக்கு இழக்க வேலை இல்லை. ஆனால் சிறையில் ஒரு பிள்ளை அடைக்கிற இடமும் பெரியவர் அடைக்கிற இடமும் ஒன்றுதான். பயிற்சி கொடுத்துத்தான் இறக்கினார்கள். மே 10 அன்று வியாபாரிகள் இறங்கி வந்தார்கள்: சாப்பாட்டு மேசைகள், உடை மாற்றும் அறைகள் எல்லோருக்கும் திறந்தன. ஒரு மாதத்தில் கென்னடி தொலைக்காட்சியில் வந்து சிவில் உரிமைச் சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னார். 1964 ஜூலை 2 அன்று அது சட்டமானது.

விலையும் உண்டு. அந்தப் பிள்ளைகள் கிளம்பிய 16ஆம் தெருத் தேவாலயத்திலேயே செப்டம்பர் 15 அன்று குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். சரியா தவறா என்று என்னால் ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நான் அங்கே தகப்பனாக இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

புதியவன்_27

வணக்கம். நான் படித்த ஒரு பதிவில் கிங் ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் காப்பியடித்தார், பெண்கள் விஷயத்தில் மோசம் என்றெல்லாம் இருந்தது. உண்மையா?

மணிமொழி

உண்மை இருக்கிறது தம்பி. பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 1991இல் ஆராய்ந்து, ஆய்வேட்டின் சில பகுதிகள் பிறருடையவை என்று உறுதி செய்தது; பட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. மணவாழ்க்கைக்கு வெளியே உறவுகள் இருந்ததை நெருங்கியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இயக்கத்துக்குள்ளும் பெண்களுக்கு உரிய இடம் தரவில்லை. எலா பேக்கர் என்ற திறமையான பெண் அமைப்பாளர் மனம் கசந்துதான் வெளியேறினார்.

அந்த விவரங்களை எஃப்.பி.ஐ. என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அறைகளில் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்து, 1964இல் ஒரு மொட்டைக் கடிதத்தோடு அனுப்பினார்கள். தற்கொலை செய்துகொள் என்று சொல்லாமல் சொல்கிற கடிதம். நோபல் பரிசு வாங்கப் போகிற நேரம் அது.

ஒற்றையடி

1965க்குப் பிறகு என்ன ஆனது என்பதை யாரும் தொடவில்லையே. அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டுப் பேரணி, ஆகஸ்ட்டில் வாக்குரிமைச் சட்டம். அதோடு கதை முடிந்தது என்று பாடப்புத்தகம் மூடிக்கொள்ளும். எனக்கு அதற்கப்புறம் வருகிற கிங்தான் பெரியவர்.

1966இல் சிகாகோவின் மேற்குப் பகுதியில், சேரி வீட்டில் குடும்பத்தோடு குடியேறினார். வீட்டு வாடகை, குடியிருப்பில் பாகுபாடு என்று போராட்டம். ஆகஸ்ட் 5 அன்று மார்க்வெட் பூங்கா பக்கம் ஊர்வலம் போனபோது பறந்து வந்த கல் தலையில் பட்டுக் கீழே விழுந்தார். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இவ்வளவு வெறுப்பைப் பார்த்ததில்லை என்றார். மேயர் டேலியோ புல் கானர் இல்லை. சிரித்தார், பேச்சு நடத்தினார், ஒப்பந்தம் போட்டார், ஒன்றும் செய்யவில்லை. சைக்கிள்கடை சொன்ன அல்பனி மறுபடியும்.

1967 ஏப்ரல் 4, நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் கண்டித்து எழுதின. ஜான்சன் அரசோடு இருந்த உறவு முறிந்தது. கூட இருந்த கறுப்பினத் தலைவர்களே ஒதுங்கினார்கள். ஏற்கெனவே 1966 காலப் கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் அவரைப் பிடிக்காது என்று சொல்லியிருந்தார்கள். இன்றைக்குச் சிலை வைத்துக் கும்பிடுகிற அமெரிக்காவுக்கு, உயிரோடு இருந்தபோது அவர் வேண்டாதவர்.

வைகைக்கரையான்

அங்கிருந்து மெம்பிஸுக்கு நேர் வழி. 1968 பிப்ரவரி 1. மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பெட்டிக்குள் நின்றார்கள். நசுக்கும் இயந்திரம் தானாக ஓடி இருவரையும் இழுத்துக்கொண்டது. பழுதான லாரி என்று தொழிலாளர்கள் முன்பே புகார் சொன்ன வண்டி. பதினொரு நாளில் 1,300 பேர் வேலைநிறுத்தம். ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கிங்கை அழைத்தவர் ஜேம்ஸ் லாசன். நாக்பூரில் மூன்று வருஷம் தங்கிக் காந்திய முறையைப் படித்துவிட்டுப் போனவர்.

மார்ச் 28 ஊர்வலத்தில் கண்ணாடிகள் உடைந்தன, போலீஸ் சுட்டதில் 16 வயது லாரி பெய்ன் செத்தான். கிங் தலைமையில் நடந்த ஊர்வலத்தில் வன்முறை! அவமானத்தில் குறுகிப்போனார். ஒழுங்காக ஒரு ஊர்வலம் நடத்திக் காட்டத்தான் மறுபடி வந்தார். ஏப்ரல் 3 இரவு, வெளியே புயல், மேசன் டெம்பிள் தேவாலயத்தில் பேச்சு. ‘மலையுச்சிக்குப் போய்வந்தேன், உங்களோடு நான் அங்கே வராமல் போகலாம்’ என்ற கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் போட்டுக் காட்டுவார்கள். நடுவில் அவர் என்ன பேசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கோக்கோ கோலா வாங்காதீர்கள், சீல்டெஸ்ட் பால் வாங்காதீர்கள், வொண்டர் பிரெட் வாங்காதீர்கள், ஊர் வங்கியில் இருக்கிற பணத்தை எடுத்து, கறுப்பர் நடத்துகிற ட்ரை ஸ்டேட் வங்கியில் போடுங்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார்.

மறுநாள் மாலை 6 மணி தாண்டியதும் லோரைன் விடுதி மாடியில் சுடப்பட்டார். வயது 39. நான்கு நாளில் கொரெட்டா அங்கே வந்து அந்த ஊர்வலத்தைத் தானே நடத்தினார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்று, கூலியும் உயர்த்தியது.

தாமரைக்குளம்

அவர் விட்டுப்போனதில் இப்போது என்ன மிச்சம் என்று பார்த்தால் கலவையாகத்தான் இருக்கிறது. பிறந்தநாளுக்குத் தேசிய விடுமுறை, ரீகன் 1983இல் கையெழுத்துப் போட்டு, 1986இல் முதல்முறை கொண்டாடினார்கள். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அதே நாளில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீக்கும் சேர்த்து விடுமுறை! செல்மாவில் ரத்தம் சிந்தி வாங்கிய வாக்குரிமைச் சட்டத்தில், எந்த மாநிலங்கள் முன்அனுமதி பெற வேண்டும் என்று வகுத்த பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கானல்வரிக்காரன்

கோர்ட் கொடுத்ததைக் கோர்ட்டே எடுக்கும் என்று என் வாதத்தை என்மேலேயே திருப்பாதீர்கள் :) வாக்குரிமையைக் கொடுத்தது நாடாளுமன்றம்.

மெம்பிஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் 1968இல் நகராட்சி ஓய்வூதியத் திட்டத்துக்குள் வரவில்லை, அரசின் பொதுவான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் மட்டும்தான் இருந்தார்கள். அது போதவில்லை. வயதான பிறகும் சிலர் குப்பை வண்டியிலேயே வேலை பார்த்தார்கள். 2017இல்தான், உயிரோடு மிச்சமிருந்த கொஞ்சம் பேருக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருகிறோம் என்று மெம்பிஸ் நகராட்சி அறிவித்து, பிறகு 70,000 ஆக்கியது. வேலைநிறுத்தம் முடிந்து 49 வருஷம் ஆகியிருந்தது.